சோலை ஓரத்தில் விருந்தினர் அறை: பறவைகள் விலகாமல் இருக்க என்ன செய்யலாம்?

கேள்வி: கோத்தகிரிக்கு அருகில் எங்களுக்கு மூன்று ஏக்கர் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. அதன் கீழ்ச்சரிவில், ஓடையை ஒட்டி, அரை ஏக்கர் அளவுக்குச் சோலை (மலைப்பள்ளங்களில் வளரும் அடர்ந்த பசுமைமாறாக் காடு) எஞ்சியிருக்கிறது. வீட்டின் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடப்போகிறோம். சோலைக்குள் புதரை வெட்டி நடைபாதை போட்டு, விளக்கும் வைக்க எண்ணம். வீட்டைச் சுற்றி முன்பைவிடப் பறவைகள் அதிகமாகவே தெரிவதால் இதனால் பாதிப்பு வராது என்கிறான் என் தம்பி. அது சரியா? கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுப் பறவைகளை வரவழைக்க விருந்தினரை அனுமதிக்கலாமா?

பதில்: உங்கள் தம்பி கண்ணால் கண்டதைச் சொல்கிறார், ஆனால் அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவு தவறு. மலைக்காட்டில் மனித நடமாட்டம் பெருகும்போது பறவைகளின் மொத்த எண்ணிக்கை குறைந்தே தீரும் என்பதில்லை. சில இடங்களில் கூடவும் செய்யும். செம்மீசைச் சின்னானும் வெள்ளைக்கண்ணியும் பட்டாணிக்குருவியும் காகமும் தோட்டம், வேலி, குப்பைமேடு என எங்கும் பிழைக்கத் தெரிந்தவை. சோலையின் உள்நிழலை விட்டு வெளியே வராத பறவைகள் சத்தமில்லாமல் விலகிப்போக, அந்த இடத்தை இவை நிரப்பிவிடுவதால், வாசலில் நின்று பார்ப்பவருக்கு இழப்பே தெரியாது. எனவே எத்தனை பறவைகள் என்று எண்ணுவதற்கு முன்னால், எந்தப் பறவைகள் என்று பாருங்கள்.

நீலகிரி சோலைக்கிளியை எடுத்துக்கொள்வோம். பெயரில் கிளி இருந்தாலும் இது கிளி இனமன்று. சிட்டுக்குருவி அளவில், கருநீல உடலும் செம்பழுப்பு விலாவும் கொண்ட தரைப்பறவை. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பகுதிகளில் உள்ள சோலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை. கணவாய்க்குத் தெற்கே பழநி, ஆனைமலைப் பகுதிகளில் வாழும் சோலைக்கிளி வேறோர் இனம். விடிந்தும் விடியாத நேரத்தில் ஓடைக்கரையில் அசையாமல் அமர்ந்திருந்தால், அது ஈரச் சருகு ஒன்றை அலகால் புரட்டிப்போட்டு, இரண்டு தத்துத் தத்தி, நின்று காது கொடுத்து, அடுத்த சருகைப் புரட்டுவதைக் காணலாம். அதன் இரை பெரும்பாலும் அந்தச் சருகுக்கு அடியில் இருக்கும் புழுக்களும் பூச்சிகளுமே; கூடு வைப்பதும் தரையிலிருந்து அதிக உயரமில்லாத மரப்பொந்திலோ கரைமேட்டுக் குழியிலோதான். மேலிருக்கும் பெருமரம் ஒன்றைக்கூடத் தொடாமல் கீழ்ப்புதரை மட்டும் நீங்கள் வெட்டினாலும் வெயிலும் காற்றும் தரையை எட்டும், சருகு காயும், இரை குறையும். மரங்கள் அப்படியே நிற்பதால் சோலை நன்றாக இருப்பதாக நமக்குத் தோன்றும். சோலைக்கிளிக்கு அது வெறும் கூரை மட்டும் மிஞ்சிய வீடு.

கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானின் நிலையும் ஏறக்குறைய இதுவே. காய்ந்த இலைகளையும் பெரணிகளையும் உருட்டிவைத்த பந்துபோன்ற அதன் கூடு, பெரும்பாலும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள், நாம் புதர் என்று ஒதுக்கும் செடிகளில்தான் இருக்கும். அரிவாளோடு உள்ளே போகும் ஆளின் கண்ணுக்கு அது சருகுக் குப்பையாகவே படும்.

நீலகிரி சிரிப்பான் சற்று வேறுபட்டது. சோலை விளிம்புக்கும் தோட்டத்துப் புதருக்கும் வந்து தவிட்டுப்பழம் தின்னும் துணிவு அதற்கு உண்டு. ஆகவே காலையில் சிரிப்பான்கள் கூட்டமாகக் கத்துவதைக் கேட்டதும் சோலைக்குக் குறையில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

அரை ஏக்கர் என்பது பக்கத்துக்கு 45 மீட்டர் கொண்ட சதுரம். அதன் நடுவே பாதை போட்டால், பாதையிலிருந்து 23 மீட்டருக்கு மேல் தள்ளிய இடமே அதில் இராது. ஓடையோரமாக நீண்டு குறுகிய சோலை என்றால் இன்னும் மோசம். ஆள் வரும்போதெல்லாம் பறவை இரையெடுப்பதை நிறுத்தி, எழுந்து, வேறிடம் போக வேண்டும். பெரிய காட்டில் அதற்கு ஒதுங்க இடமுண்டு, உங்கள் சோலையில் இல்லை. சுற்றியுள்ள தேயிலை வெளியைக் கடக்கவும் சோலைக்கிளி போன்றவை தயங்கும். ஆகவே, பாதை உள்ளே வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கொழுந்து பறிப்பவர்கள் நடக்கும் தடம் சோலையின் விளிம்பை ஒட்டி எப்படியும் இருக்கும். அதையே பாதையாக வைத்துக்கொண்டு, ஓடை தெரியும் ஓரிடத்தில் பலகை ஒன்று போட்டு, நான்கு பேருக்கு மிகாமல் அமரச் சொல்லுங்கள். நடந்து தேடுபவரைவிட அமைதியாக உட்கார்ந்திருப்பவரே அதிகம் பார்ப்பார். விளக்கும் வேண்டாம். வீட்டு விளக்குகளைக்கூடத் தரையை நோக்கித் திருப்பி, தேவை முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

காலம்தான் இதில் பெரிய சிக்கல். சமவெளி வெயிலுக்கு அஞ்சி மக்கள் மலையேறும் ஏப்ரல், மே மாதங்களும் சோலைக்கிளி கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலமும் ஒன்றோடொன்று மோதுகின்றன. உங்கள் வருமானத்தில் பெரும்பகுதி அந்த இரண்டு மாதங்களில் வரும் என்பது எனக்குத் தெரியும். அறைகளை மூடச் சொல்லவில்லை. ஆனால் மார்ச் முதல் ஜூன் வரை சோலைக்குள் யாரும் இறங்கக் கூடாது, விறகு எடுப்பதும் களை வெட்டுவதும் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குரலை ஒலிக்கவிடுவதை நிச்சயமாக அனுமதிக்காதீர்கள். பதிவுசெய்த குரலைக் கேட்டு ஓடிவரும் பறவை விருந்தாளியை வரவேற்க வரவில்லை. தன் எல்லைக்குள் வேற்று ஆண் ஒன்று நுழைந்துவிட்டதாக நினைத்துச் சண்டைக்கு வருகிறது. கூட்டையும் இரைதேடலையும் விட்டுவிட்டு இல்லாத எதிரியைத் தேடி அலைகிறது. வாரந்தோறும் புதுப்புது விருந்தினர் வரும் இடத்தில் அதே பறவைக்கு இது திரும்பத் திரும்ப நடக்கும். அறையில் தரும் விதிமுறைத் தாளில் இதை முதல் வரியாகவே எழுதிவையுங்கள்.

மிச்ச உணவைத் திறந்த வெளியில் கொட்டினால் காகம் பெருகும். காகம் கண்ணில்பட்ட கூட்டின் முட்டையையும் குஞ்சையும் விடாது. நாயும் பூனையும் சோலைக்குள் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்த மரம் கிடந்தபடியே மட்கட்டும். பள்ளத்தாக்கு தெரியட்டும் என்று பெரிய கண்ணாடிச் சன்னல் வைப்பதாக இருந்தால், நம் மாநிலப் பறவையான மரகதப்புறாவை நினைத்துக்கொள்ளுங்கள். தாழ்வாக, அம்புபோல் பறக்கும் அது, கண்ணாடியில் தெரியும் மரங்களின் நிழலை உண்மையான காடு என்று நம்பி மோதிச் சாகும். கண்ணாடியின் வெளிப்புறத்தில் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ இட்டால் பெருமளவு தவிர்க்கலாம். பருந்துப் படம் ஒன்றை மட்டும் ஒட்டிவைப்பதால் பயனில்லை.

மரம் எதையும் வெட்டும் எண்ணம் இருந்தால், சொந்த நிலமானாலும் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி தேவை என்பதை மறவாதீர்கள். விளிம்பில் உண்ணிச்செடி என்னும் அயல்நாட்டுப் புதர் மண்டியிருந்தால், அதை ஒரே மூச்சில் அழிக்காமல், கூடு கட்டும் பருவம் கழிந்தபின் துண்டு துண்டாக எடுத்து, எடுத்த இடத்தில் சோலைக்குரிய நாவல் வகைகளையும் தவிட்டுப்பழச் செடியையும் நடுங்கள். சோலைக்கும் தேயிலைக்கும் இடையே சில வரிசைகளை மருந்தடிக்காமல் விட்டுவிடுங்கள்.

இத்தனை சிறிய சோலைக்கு இவ்வளவு பாடா என்று நீங்கள் கேட்கலாம். கோத்தகிரியின் லாங்வுட் சோலையே மொத்தம் 116 ஹெக்டேர்தான். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய 26 பறவை இனங்களில் 14 அங்கே வாழ்கின்றன, 2024-இல் அது ராம்சார் தளமாகவும், அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும், அறிவிக்கப்பட்டது. அப்படிப்பட்ட சோலைகளுக்கு இடையே நீலகிரி காட்டுப்புறா போன்ற பழந்தின்னிகள் பறந்து போகும்போது இறங்கி இளைப்பாறவும், தின்ற பழத்தின் விதையைப் போட்டுச் செல்லவும் உங்களுடையதைப் போன்ற ஓடையோரத் துண்டுகளே உதவுகின்றன.

கடைசியாக ஒன்று. விருந்தினர் வரத் தொடங்குமுன், இந்த மாதமே, காலை ஆறரை மணிக்குச் சோலை விளிம்பில் 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளையும் கேட்ட குரல்களையும் இனம்வாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மாதம் இருமுறை, அதே இடத்தில், அதே நேரத்தில் செய்யுங்கள். தம்பியையும் கூட அழைத்துச் செல்லுங்கள். அடுத்த ஆண்டு இதே பருவத்தில் சின்னானும் காகமும் கூடி, சோலைக்கிளியும் ஈப்பிடிப்பானும் பட்டியலிலிருந்து விடுபட்டிருந்தால், பலகையை இன்னும் பின்னால் தள்ளிப்போட வேண்டியிருக்கும்.