பிரஷ் இழுத்தா கோடு லேட்டா வருது, பிசியையே மாத்தணுமா?

கேள்வி: அண்ணா, நான் குழந்தைங்க புத்தகங்களுக்கு படம் வரைஞ்சு குடுக்குறேன், எல்லாம் கிரிட்டாங்கற வரையற சாஃப்ட்வேர்ல தான். பிசி 2015ல அசெம்பிள் பண்ணது. ஐ5 4460, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஏ3 சைஸ்ல லேயர் (ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வரையற தாள் மாதிரி) ஏற ஏற, கை போன பிறகு தான் கோடு வருது, சேவ் குடுத்தா ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகுது. கடைல கேட்டா இத தூக்கிப் போட்டுட்டு புதுசு எடுங்க, 75,000 ஆகும்ங்கறாங்க. விண்டோஸ் 11 போட்டா சரியாகுமோன்னும் யோசிக்கிறேன். என்ன பண்ணட்டும்?
– வாசகி, ஈரோடு

பதில்: சகோதரி, 75,000 எடுத்து வைக்கறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் செலவு பண்ணுங்க. வழக்கமா மாட்டுற பெரிய ஃபைல் ஒண்ண திறந்துக்கோங்க. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்தினா டாஸ்க் மேனேஜர் வரும், அதுல பெர்ஃபார்மன்ஸ் பக்கத்த ஓரமா திறந்து வச்சுக்கிட்டு எப்பவும் போல வரைங்க. கோடு தேங்கி நிக்கற அந்த நேரத்துல எது மேல முட்டிக்கிட்டு நிக்குதுன்னு பாருங்க. மெமரி தொண்ணூறு சதவீதத்த தாண்டி, கூடவே டிஸ்க்கும் நூறுல நின்னா ராம் பத்தலன்னு அர்த்தம். மெமரி பாதில தான் இருக்கு, சிபியு மட்டும் ஏறுதுன்னா பிராசசர் திணறுது, அது பெரும்பாலும் ரொம்ப பெருசா வச்ச பிரஷ்லயும், கலர இழுத்துக் கலக்கற பிரஷ்லயும் தான் தெரியும்.

நீங்க சொல்றத பாத்தா எனக்கு ராம் மேல தான் சந்தேகம். ஏன்னு கணக்கு போட்டே காட்டறேன். ஏ3 பேப்பர் 300 டிபிஐல, அதாவது ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி வச்சா, 3508க்கு 4961 பிக்சல், பெருக்கினா ஒரு கோடியே 74 லட்சம். 8 பிட் கலர்ல ஒரு பிக்சலுக்கு 4 பைட், அப்போ முழுசா பெயின்ட் அடிச்ச ஒரு லேயர் கிட்டத்தட்ட 70 எம்பி, அந்த மாதிரி 40 லேயர் இருந்தா 2.8 ஜிபி. காலியா இருக்கற இடத்துக்கு கிரிட்டா மெமரி எடுக்காது, அதனால வெறும் லைன் ஆர்ட் லேயர்லாம் இவ்ளோ வராது. ஆனா நீங்க எதுக்கும் அன்டூ பண்ணிக்கலாம்னு நிம்மதியா வரையறீங்களே, அந்த ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் மாறின பகுதியோட பழைய காப்பிய அது பத்திரமா வச்சுக்கிட்டே வரணும், அதுவும் மெமரில தான் போய் உக்காருது.

இதுல இன்னொன்னு இருக்கு, நிறைய பேர் கவனிக்கறதில்ல. கன்ஃபிகர் கிரிட்டால பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய் பாருங்க, மெமரி லிமிட் 50 சதவீதம்னு இருக்கும். அப்போ உங்க 8 ஜிபில கிரிட்டாவுக்கு கிடைக்கறதே 4 தான். அத தாண்டின உடனே மிச்சத்த ஸ்வாப் ஃபைல்னு டிஸ்க்ல எழுத ஆரம்பிக்கும், உங்ககிட்ட இருக்கறதோ சுத்தற ஹார்ட் டிஸ்க், அதோட ஊசி அங்கயும் இங்கயும் ஓடி எழுதி முடிக்கற வரைக்கும் உங்க கோடு காத்துக்கிட்டு நிக்குது. இப்போதைக்கு குரோம் எல்லாத்தையும் மூடிட்டு அந்த லிமிட்ட 65, 70 ஆக்கிப் பாருங்க, அதுலயே வித்தியாசம் தெரிஞ்சா நோய் எங்கன்னு உறுதியாயிடும். அப்படியே இமேஜ் ப்ராப்பர்ட்டீஸ்ல 16 பிட்னு இருக்கான்னும் பாத்துக்கோங்க. 16 பிட்னா மேல சொன்ன கணக்கு எல்லாமே டபுள். புத்தகத்துல அச்சாகற குழந்தைங்க படத்துக்கு 8 பிட் தாராளமா போதும்.

அதனால முதல்ல ராம். டாஸ்க் மேனேஜர்ல மெமரிய க்ளிக் பண்ணா எத்தன ஸ்லாட்ல எத்தன நிரம்பியிருக்குன்னு காட்டும். உங்க பிராசசர் காலத்து போர்டுக்கு டிடிஆர்3ங்கற பழைய வகை ராம் தான் போகும், டிடிஆர்4 சொருகவே முடியாது, வெட்டு இருக்கற இடமே வேற. 8 ஜிபி ஒரே குச்சியா இருந்து பக்கத்து ஸ்லாட் காலியா இருந்தா அதே ஸ்பீட்ல இன்னொரு 8 வாங்கி சொருகிடுங்க, மொத்தம் 16 ஆயிடும், ரெண்டு குச்சியும் ஜோடியா ஓடறதால டேட்டா போற வேகமும் கூடும். ஸ்லாட்டே ரெண்டு தான், ரெண்டுலயும் 4 இருந்தா ரெண்டையும் கழட்டிட்டு ரெண்டு 8 போடணும். இருக்கற குச்சிய கைல எடுத்துட்டு கடைக்கு போங்க, அதுல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர் தான் சரியான விவரம் சொல்லும்.

அடுத்தது எஸ்எஸ்டி, அதாவது சுத்தற பாகமே இல்லாத வேகமான டிஸ்க். 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி 500 ஜிபி ஒண்ணு போட்டா விண்டோஸ் திறக்கறது, ஃபைல் திறக்கறது எல்லாம் ஆளே மாறின மாதிரி இருக்கும். ஆனா ஒண்ண நேராவே சொல்லிடறேன், ராம் தாராளமா இருக்கற பிசில எஸ்எஸ்டி போட்டா பிரஷ் வேகம் மாறாது. சேவ் நேரம் கூட முழுசா குறையாது, ஏன்னா கிரிட்டாவோட ஃபைல் உள்ளுக்குள்ள ஒரு ஜிப் ஃபைல், சேவ் பண்றப்போ அது அத்தனையையும் அமுக்கி கட்டணும், அந்த வேலை பிராசசரோடது. கிரிட்டா செட்டிங்ஸ்ல ஃபைல இன்னும் அதிகமா கம்ப்ரஸ் பண்ற டிக் ஒண்ணு இருக்கு, அது விழுந்திருந்தா எடுத்துடுங்க. நாளைக்கு புது பிசி வாங்கினா எஸ்எஸ்டி அதுக்கும் கூட வரும், டிடிஆர்3 ராம் வராது, அதனால ராமுக்கு அளவா செலவு பண்ணுங்க.

இப்போ விண்டோஸ். 11 போட்டா வேகம் வரும்னு தயவுசெஞ்சு போயிடாதீங்க. மைக்ரோசாஃப்டோட லிஸ்ட் இன்டெல்ல எட்டாவது தலைமுறைல இருந்து தான் ஆரம்பிக்குது, உங்களோடது நாலாவது, கூட டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப்பும் கேக்கும். சுத்தி வளைச்சு இன்ஸ்டால் பண்ண வழி இருக்கு, நிறைய பேர் பண்றாங்க, ஆனா அப்டேட் வரும்ங்கற உத்தரவாதம் இல்லாத ஒண்ண சோறு போடற மெஷின்ல போட நான் சொல்ல மாட்டேன். விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14 ஓட முடிஞ்சிடுச்சு, ஆனா செக்யூரிட்டி அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரைக்கும் நீட்டி வாங்கிக்கலாம்னு குடுத்திருக்காங்க, செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் பக்கத்துலயே என்ரோல் பண்ணிக்கலாம். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல செட்டிங்ஸ் பேக்கப் ஆன் பண்ணா காசும் கிடையாது. அந்த அவகாசத்துல புது பிசிக்கு பணம் சேக்கறீங்களா, இல்ல விண்டோஸுக்கு பதிலா போடற இலவச ஓஎஸ்ஸான லினக்ஸ் பக்கம் வரீங்களான்னு முடிவு பண்ணுங்க. கிரிட்டா மட்டும் தான் உங்க வேலைன்னா லினக்ஸ் மின்ட் நல்ல வழி, அங்கயும் அதே கிரிட்டா தான், அதே பிரஷ் தான். பென் டிரைவ்ல லைவா ஓட்டி, பேனா பிரஷர் வருதான்னு பாத்துட்டு, பிடிக்கலன்னா பென் டிரைவ பிடுங்கிட்டு பழையபடி விண்டோஸுக்கே வந்துடலாம், டிஸ்க்ல எதுவும் மாறாது. போட்டோஷாப்போ கிளிப் ஸ்டுடியோவோ கண்டிப்பா வேணும்னா அங்க போகாதீங்க, ரெண்டுமே லினக்ஸுக்கு வர்றதில்ல.

எஸ்எஸ்டிக்கு மாறும்போது பழைய ஹார்ட் டிஸ்க கழட்டி தனியா வச்சிடுங்க, எஸ்எஸ்டில புதுசா விண்டோஸ் போடுங்க, ஒரு மாசம் ஓட்டின பிறகு பழையத திரும்ப மாட்டலாம். இத நான் இவ்ளோ அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. சில வருஷம் முன்னாடி ஒரு கடைல ஓஎஸ் மாத்த குடுத்தேன், சி டிரைவ் மட்டும் ஃபார்மேட் பண்ணுங்கன்னு பேப்பர்ல எழுதி கேபினட் மேல ஒட்டியே குடுத்தேன். வீட்டுக்கு வந்து ஆன் பண்ணா டி டிரைவ் காலி. மூணு வருஷமா நானே தேச்சு தேச்சு சரி பண்ண பிரஷ் செட், ஒரு முழுக் கதையோட லேயர் ஃபைல் எல்லாம் போச்சு, கையில மிஞ்சினது பதிப்பகத்துக்கு மெயில்ல அனுப்பின ஜேபெக் மட்டும் தான். அந்த பேப்பர் அப்பவும் கேபினட் மேல ஒட்டியபடியே இருந்துச்சு. ராத்திரி முழுக்க தூக்கமில்ல. அதனால கிரிட்டாவோட மேனேஜ் ரிசோர்சஸ்ல ஓப்பன் ரிசோர்ஸ் ஃபோல்டர் குடுத்து, வர்ற ஃபோல்டர அப்படியே வெளி டிஸ்க்குக்கு காப்பி எடுத்த பிறகு தான் ஸ்க்ரூ டிரைவர கைல எடுக்கணும்.

இத்தனையும் பண்ணியும் பெரிய பிரஷ் திணறிச்சுன்னா, அப்போ புது பிசி வாங்குங்க. ஆறு கோர் பிராசசர், 32 ஜிபி ராம், சாட்டாவ விட வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி ஒண்ணு, இவ்ளோ போதும். பிளெண்டர்ல 3டி பண்ணாதவங்களுக்கு விலை கூடின கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம், அந்த காச எஸ்ஆர்ஜிபி கலர் முழுசா காட்டற நல்ல ஐபிஎஸ் மானிட்டர்ல போடுங்க. குழந்தையோட கன்னத்துல நீங்க அடிச்ச ரோஸ் புத்தகத்துல செங்கல் கலர்ல வந்து நிக்கறதுக்கு மானிட்டரும் ஒரு காரணம்.

கேள்வி: சார், விண்டோஸ் 11க்கு அப்கிரேட் பண்ணி, பேனாவால வரையற புது டேப்லெட்டும் வாங்கினேன். போட்டோஷாப்ல பிரஷர் வேலை செய்யல, எல்லா கோடும் ஒரே தடிமன். பேனாவ ஒரு இடத்துல வச்சா ஒரு வட்டம் வேற சுத்துது. டேப்லெட் பழுதா?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: தம்பி, டேப்லெட்ட திருப்பிக் குடுக்க ஓடாதீங்க, முக்கால்வாசி நேரம் இது டிரைவர், அதாவது டேப்லெட்ட விண்டோஸோட பேச வைக்கற சாஃப்ட்வேர், பண்ற தகராறு தான். பேனா எவ்ளோ அழுத்துதுன்னு சாஃப்ட்வேருக்கு சேதி போக விண்டோஸ்ல ரெண்டு வழி இருக்கு, ஒண்ணு பழைய வின்டேப், இன்னொன்னு விண்டோஸ் இங்க். டிரைவர் ஒரு வழியில அனுப்பி, சாஃப்ட்வேர் இன்னொரு வழியில காத்துக்கிட்டு இருந்தா கர்சர் நகரும், பிரஷர் மட்டும் வராது. போட்டோஷாப் தானா எதிர்பாக்கறது விண்டோஸ் இங்க, அதனால டேப்லெட் டிரைவர்ல விண்டோஸ் இங்க் டிக் ஆன்ல இருக்கணும். நெட்ல பாத்து அத ஆஃப் பண்ணியிருப்பீங்க, நிறைய வீடியோல அப்படித்தான் சொல்றாங்க. கிரிட்டான்னா டேப்லெட் செட்டிங்ஸ்ல ரெண்டுல எது வேணும்னு நாமளே தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் பண்ணிக்கலாம்.

அந்த வட்டம் ரைட் கிளிக்குக்காக விண்டோஸ் காட்டறது. கன்ட்ரோல் பேனல்ல பென் அண்ட் டச், அதுல பிரஸ் அண்ட் ஹோல்ட், அதோட செட்டிங்ஸ்ல டிக்க எடுத்துட்டா போயிடும். முன்னாடி வேற கம்பெனி டேப்லெட் வச்சிருந்தீங்கன்னா அந்த டிரைவர முழுசா அன்இன்ஸ்டால் பண்ணி, ரீஸ்டார்ட் பண்ணி, அப்புறம் புதுச மறுபடி போடுங்க, ரெண்டும் ஒரே வீட்டுல இருந்தா சண்டை தான். டெலிவரி இருக்கற வாரத்துல விண்டோஸ் அப்டேட்ட பாஸ் பண்ணி வைங்க, அஞ்சு வாரம் வரைக்கும் நிறுத்தலாம். வேலைய அனுப்பி, ஓகே வந்த பிறகு அப்டேட் பண்ணுங்க.

கேள்வி: 2017 ஐமேக், 27 இன்ச் 5கே, செகண்ட் ஹேண்ட்ல கிடைக்குது. படம் வரைய எடுக்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: வேண்டாம் சார். ஸ்கிரீன் அருமையா இருக்கும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அதுக்கு மேக்ஓஎஸ் அப்கிரேட் வென்ச்சுராங்கற வெர்ஷனோட முடிஞ்சுது, அதுக்கப்புறம் வந்த வெர்ஷன் எதுவும் அதுல ஏறாது, புது சாஃப்ட்வேர்லாம் ஒவ்வொண்ணா கதவ சாத்திக்கிட்டே வரும். பின்னாடி மானிட்டராவாவது வச்சுக்கலாம்னா, 5கே ஐமேக்ல அந்த வசதியும் இல்ல. மேக் தான் வேணும்னா எம்4 மேக் மினி பாருங்க, ஆரம்ப மாடலே 16 ஜிபி ராம். பின்னாடி ராம் ஏத்த முடியாது, வாங்கும்போதே யோசிச்சுக்கோங்க.

கேள்வி: அண்ணை, நான் சின்னதா காமிக்ஸ் கீறுறனான். கம்ப்யூட்டருக்கு புதுசா விண்டோஸ் போட்டாப் பிறகு, பாமினியில அடிச்சு வச்ச வசனமெல்லாம் இங்கிலீஷ் எழுத்தாத் தெரியுது. யூனிகோடில அடிச்சால் 'கொ' உடைஞ்சு வருது. போட்டோஷாப் பழசு. என்ன செய்யலாம்?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: தம்பி, உங்க வசனம் எதுவும் அழிஞ்சு போகல, பயப்படாதீங்க. பாமினி யூனிகோடுக்கு முந்தின ஃபான்ட், இங்கிலீஷ் எழுத்து இருக்கற இடத்துல தமிழ் உருவத்த உக்கார வச்சது. ஃபார்மேட் பண்ணப்போ அந்த ஃபான்ட் போயிடுச்சு, அதனால அடியில இருக்கற இங்கிலீஷ் எழுத்து மேல தெரியுது. அதே ஃபான்ட்ட திரும்ப இன்ஸ்டால் பண்ணி போட்டோஷாப்ப மூடித் திறங்க, எல்லாம் வந்துடும்.

'கொ' உடையறது வேற விஷயம். அந்த எழுத்துல கொம்பு முன்னாடியும் கால் பின்னாடியும் நிக்கணும், நடுவுல க. பழைய போட்டோஷாப் தானா எடுத்துக்கற டெக்ஸ்ட் என்ஜினுக்கு இந்த இடமாத்தம் தெரியாது. பிரிஃபரன்சஸ்ல டைப் பகுதிக்கு போய் டெக்ஸ்ட் என்ஜின வேர்ல்ட் ரெடி லேஅவுட்னு மாத்துங்க. அதவிட பழைய வெர்ஷன்ல அதே இடத்துல மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்னு இருக்கும். மாத்தினதுக்கப்புறம் புது டாக்குமென்ட் திறந்து அதுல அடிச்சுப் பாருங்க, பழைய டெக்ஸ்ட் லேயர் தானா மாறலன்னா அழிச்சுட்டு திரும்ப அடிக்க வேண்டி வரும்.

அடுத்த தடவ ஃபார்மேட் பண்றதுக்கு முன்னாடி ஃபான்ட்ட ரெண்டு இடத்துல இருந்து காப்பி எடுங்க. விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கற ஃபான்ட்ஸ் எல்லாருக்கும் தெரியும். எல்லா யூசருக்கும்னு தேர்ந்தெடுக்காம சும்மா இன்ஸ்டால் குடுத்த ஃபான்ட் அங்க இருக்காது, உங்க யூசர் ஃபோல்டர்ல ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ்னு உள்ள உள்ள போனா அங்க தான் இருக்கும்.