அம்மா மாட்டிய காலண்டர் முருகன்

கேள்வி: அம்மா பிரேம் போட்டு வைத்திருந்த பழைய காலண்டர் முருகனைப் புது வீட்டு ஹாலில் மாட்டினேன். ஓவியக் கல்லூரியில் படிக்கும் மகன், "இது கலையே இல்லம்மா, உருக வைக்கிற வியாபாரம், எடுத்துடு" என்கிறான். எனக்கு ரசனை இல்லையா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதலில் படத்தை இறக்காதீர்கள். அது அம்மாவின் படம், அதற்கு யாரும் மார்க் போட வேண்டியதில்லை. ரசனைக் கேள்வி வேறு, அதையும் பார்த்துவிடலாம்.

உங்கள் மகன் சொல்வது பழைய சண்டை. ரவி வர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி லட்சுமியையும் சரஸ்வதியையும் சாதாரண வீட்டுச் சுவருக்குக் கொண்டுவந்தார். சனங்கள் கொண்டாடினார்கள். ஆனால் 1907-இல் கலை விமர்சகர் ஆனந்த குமாரசுவாமி ரவி வர்மாவின் ஓவியங்களை நாடகத்தனமானவை என்று விளாசினார். இந்த 'நாடகத்தனம்' தான் எனக்குச் சுவாரஸ்யம், ஏனென்றால் நம்மூர் காலண்டர் சாமிகளுக்கு முகம் கொடுத்த சி.கொண்டையராஜு சென்னையில் முறையாக ஓவியம் படித்துவிட்டு நாடகக் கம்பெனிக்குப் படுதா, அதாவது மேடையின் பின்திரை, வரைந்தவர், அப்புறம்தான் கோவில்பட்டியில் தங்கி, சிவகாசியில் அச்சாகிற சாமி படங்களை வரைந்தார். மேடையில் நடிகர் சபையைப் பார்த்து நிற்கிற மாதிரி அவருடைய சாமியும் நேராக நம்மைப் பார்க்கும். சன்னதியில் எட்டி எட்டி நாம் தேடுவதும் அந்தப் பார்வையைத்தானே? குமாரசுவாமி குறையாகச் சொன்னது இங்கே படத்தின் உயிராகிவிட்டது.

அதற்காக, லட்சம் வீட்டில் தொங்குகிறது, அதனால் நல்ல ஓவியம் என்று மகனிடம் வாதாடாதீர்கள், தோற்றுவிடுவீர்கள். காப்பிக்குக் காப்பி எடுத்து, கன்னத்தில் ரோஸ் பவுடர் அப்பி, விரல்களை வாழைப்பழச் சீப்பு மாதிரி வரைந்து தள்ளிய படங்கள் ஏராளம் (எங்கள் வீட்டிலேயே ஒன்று இருந்தது, பாவம் பிள்ளையார்). உருக வைப்பது குற்றமில்லை, கையைக் கூட ஒழுங்காகப் பார்க்காமல் உருக வைக்க நினைப்பதுதான் சோம்பேறித்தனம். மகனைப் படத்துக்கு முன்னால் உட்கார வைத்து, எந்தக் கோடு பிசகு, எந்த நிறம் செத்துக் கிடக்கிறது என்று கேளுங்கள். காட்டினால் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், பிள்ளை நன்றாகத்தான் படிக்கிறான். 'காலண்டர்' என்ற ஒரே வார்த்தையோடு நிறுத்தினால் அவன் இன்னும் படத்தைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

இப்போது மாட்டியிருக்கிற சுவரில் வெயில் நேராக விழுந்தால் மட்டும் இடம் மாற்றுங்கள், இல்லையென்றால் படம் சீக்கிரம் வெளுத்துவிடும். அடி ஓரத்தில் கையெழுத்து இருக்கிறதா பாருங்கள். கொண்டையராஜு பெயரோ அவர் சீடர் ஒருவர் பெயரோ இருந்தால் மகனிடமும் காட்டுங்கள்.