மகள் டயட்டீஷியன் படிக்கப் போகிறேன் என்கிறாள், அனுப்பலாமா?

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

நீட்டில் இடம் கிடைக்கவில்லை, நர்சிங் போ என்றால் டயட்டீஷியன்தான் படிப்பேன் என்று மகள் பிடிவாதமாக நிற்கிறாள், "சமையல் படிக்க எதுக்குக் காலேஜ்?" என்று அவள் அப்பா கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் குமரி மாவட்டத்தில் சொந்தத்தில் ஒரு நர்ஸ் இல்லாத வீடு குறைவு. அதனால் அந்தப் பாதை எல்லோருக்கும் பழக்கம். இது பழக்கமில்லை, அவ்வளவுதான்.

டயட்டீஷியன் என்றால் நோயாளிக்கு ஏற்ற உணவைத் திட்டமிடும் உணவியல் நிபுணர். இந்தப் படிப்பில் சமையல் ஒரு சின்னப் பகுதி. உயிர்வேதியியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், நோய்க்கேற்ற உணவுமுறை என்றுதான் பாடங்கள் போகும். பிளஸ் டூவில் வேதியியல் என்றாலே ஓடியவள் என்றால் மட்டும் யோசியுங்கள்.

வேலை எப்படி இருக்கும்? சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவருக்குப் பொட்டாசியம் சரியாக வெளியேறாது. ரத்தத்தில் அது ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும். பொட்டாசியம் நிறைந்த இளநீர், ஏத்தன்பழம் (நேந்திரம்பழம்) வேண்டாம் என்று சொல்வது எளிது. "மரச்சீனியும் சாளைக்கறியும் இல்லாம எப்படி?" என்று அவர் கேட்பாரே! மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் பொட்டாசியம் ஓரளவு குறையும். எவ்வளவு சாப்பிடலாம், வாரத்துக்கு எத்தனை முறை என்பதை அவருடைய ரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மீன் போன்ற புரத உணவில் இருக்கும் பாஸ்பரஸும் ரத்தத்தில் ஏறக்கூடாது, அதற்காகப் புரதத்தையும் குறைத்துவிட முடியாது. பக்கத்துக் கட்டிலில் மூக்கில் டியூப் போட்ட பாட்டிக்கு வேறு கணக்கு: ஒரு நாளைக்கு எத்தனை கலோரி, எத்தனை கிராம் புரதம், ஒவ்வொரு முறையும் எத்தனை மில்லி. கஞ்சி கெட்டியானால் டியூப் அடைத்துக்கொள்ளும். ஓட்ஸும் கினோவாவும் எழுதித் தரும் சீட்டை நம் ஊரில் யாரும் அடுக்களை வரை கொண்டுபோவதில்லை. சம்பா அரிசிச் சோறும் தேங்காய் அரைத்த மீன்கறியும் தெரிந்த உங்கள் மகளுக்கு அது இங்கே பெரிய பலம்.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். மூன்று வருட பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் நல்ல மருத்துவமனையில் டயட்டீஷியன் வேலை கிடைப்பது கஷ்டம். மேலே இரண்டு வருட எம்.எஸ்சி., அப்புறம் மருத்துவமனையில் 6 மாதப் பயிற்சி, அதன்பின் இந்திய உணவியல் சங்கம் நடத்தும் பதிவுத் தேர்வு. ஆக, ஐந்தரை ஆறு வருடத்துக்குப் பணம் திட்டமிடுங்கள். முதல் சம்பளத்தைப் பார்த்து மனம் சோர வேண்டாம், அது பெரிதாக இருக்காது. பதிவும் அனுபவமும் சேர்ந்த பிறகுதான் ஏறும். கல்ஃப் போகும் எண்ணம் இருந்தால் அங்கே உரிமத் தேர்வும் மருத்துவமனை அனுபவமும் கேட்பார்கள்.

மருத்துவமனை மட்டும்தான் என்றில்லை. குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்தும்போது ஊட்டச்சத்து, மனையியல் பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாம். அங்கன்வாடிகளை மேற்பார்க்கும் பதவி அது. ஆராய்ச்சியில் ஆர்வம் வந்தால் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. 1918-ல் நம் குன்னூரில் தொடங்கிய நிறுவனம்தான், 1958-ல் அங்கே போய்விட்டது.

ஆன்லைனில் சில வாரச் சான்றிதழ் வாங்கிவிட்டு 'நியூட்ரிஷனிஸ்ட்' என்று போர்டு மாட்டுகிறவர்களைப் பார்த்து, எதற்கு இவ்வளவு படிப்பு என்று தோன்றும். தோன்ற விடாதீர்கள். 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழிலர் ஆணையச் சட்டத்தில் ஊட்டச்சத்துத் துறையும் இருக்கிறது. தகுதி, பதிவு என்று கட்டுப்பாடு இறுகிக்கொண்டுதான் வரும்.

நாகர்கோவிலோ, கோவை அவினாசிலிங்கமோ, திருவனந்தபுரமோ, எங்கே விசாரித்தாலும் விளம்பரத் தாளை நம்பாமல் துறைத் தலைவரையே நேரில் கேளுங்கள்: எந்த மருத்துவமனையில் பயிற்சிக்கு அனுப்புகிறீர்கள், போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? பதில் மழுப்பலாக இருந்தால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள். மகளுக்கு மலையாளம் பேச வருமானால் அதை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். திருவனந்தபுரத்தின் பெரிய மருத்துவமனைகள் உங்களுக்குப் பஸ் தூரம்தான்.