சோளக்காட்டு ஊர்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனில் வேலை பார்க்கிறேன். போன மாதம் குடும்பத்தோடு பக்கத்து மாநிலமான அயோவாவில் எஃபிஜி மவுண்ட்ஸ் என்ற பழங்குடியினரின் பழைய மண்மேடுகளைப் பார்க்கப் போனோம். அப்புறம் அப்படியே 18ஆம் எண் சாலையில் மேற்கே காரை விட்டோம். மொனோனா, லுவானா, போஸ்ட்வில் என்று வரிசையாகச் சின்னச் சின்ன ஊர்கள். கடைத்தெருவில் பல கடைகள் பூட்டிக் கிடந்தன. ஆனால் ஊரைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளம். இவ்வளவு நல்ல மண்ணில் ஆள் இல்லாமல் போனது எப்படி? பஞ்சம் ஏதாவது வந்ததா? போஸ்ட்வில்லில் மட்டும் ஸ்பானிஷ் பலகை போட்ட கடைகள், கறுப்புத் தொப்பி வைத்த யூதர்கள், முக்காடிட்ட சோமாலியப் பெண்கள். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் உள்ள ஊரில் இவர்கள் எப்படி வந்தார்கள்? இந்த ஊர்களெல்லாம் நிலைக்குமா?

ஆர்., மேடிசன்

அன்புள்ள ஆர்.,

பஞ்சம் வரவில்லை. விளைச்சல் கூடக்கூட ஆள் குறைந்த நிலம் அது. நூறு வருஷத்துக்கு முன் அயோவாவில் ஏக்கருக்கு 40 புஷல் சோளம் கண்டால் நல்ல வருஷம் என்பார்கள். ஒரு புஷல் என்பது ஏறத்தாழ 25 கிலோ. இப்போது 200 புஷல் சாதாரணமாக வருகிறது. அதே அயோவாவில் 1900ஆம் ஆண்டில் இரண்டேகால் லட்சத்துக்கும் மேல் பண்ணைகள் இருந்தன. 2022 கணக்கெடுப்பில் சுமார் 87,000. பயிர் செய்யும் நிலம் பெரிதாகக் குறையவில்லை. அதைப் பயிர் செய்யும் குடும்பங்கள்தான் குறைந்துவிட்டன.

முன்பு சோளம் எப்படி அறுத்தார்கள் என்று பாருங்கள். உள்ளங்கையில் தோல் பட்டை, அதில் ஒரு இரும்புக் கொக்கி. அந்தக் கொக்கியால் தோகையைக் கிழித்து, கதிரை முறித்து, பக்கத்தில் நகரும் குதிரை வண்டிக்குள் வீசுவார்கள். வண்டியின் மறுபக்கம் உயரமாக ஒரு பலகை இருக்கும். வீசிய கதிர் அதில் மோதி வண்டிக்குள் விழும். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை இப்படி 100 புஷல் எடுத்தால் கெட்டிக்கார ஆள். அதாவது இரண்டு, இரண்டரை ஏக்கர். இப்போது பன்னிரண்டு வரிசையை ஒரே வீச்சில் வாங்கும் அறுவடை மெஷின், முப்பது அடி அகலம். ஓட்ட ஒருவர், லாரியில் தானியம் கொண்டுபோக இன்னொருவர் இருந்தால் ஒரே நாளில் நூறு ஏக்கருக்கு மேல் முடிந்துவிடுகிறது. அந்த நிலத்துக்கு இதற்கு மேல் ஆள் வேண்டாம்.

அங்குள்ள ஊர்களை நம் கிராமங்கள் மாதிரி நினைத்துக்கொள்ளாதீர்கள். நம் பக்கம் வீடுகள் ஒரே இடத்தில் கூடியிருக்கும், வயல் சுற்றிலும் இருக்கும். அங்கே விவசாயியின் வீடு அவர் வயலுக்குள்ளேயே தனியாக நிற்கும். 1785ஆம் வருஷத்து நில அளவைச் சட்டம் நிலத்தை ஒரு மைல் சதுரங்களாகக் கோடு போட்டுப் பிரித்தது. ஒரு சதுரம் 640 ஏக்கர். ஒரு குடும்பத்துக்குக் கால் பங்கு, 160 ஏக்கர் என்று வைத்தால் சதுர மைலுக்கு நான்கு குடும்பம். ஊர் என்பது அவர்களுக்குத் தானியம் விற்க, சாமான் வாங்க, ரயில் ஏற, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக ஒரு இடம். குதிரை வண்டியில் பாரம் ஏற்றிப் போய், விற்றுவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். அதனால் ரயில்பாதை நெடுகச் சில மைலுக்கு ஒரு ஊர் முளைத்தது. நீங்கள் பார்த்த மூன்று ஊர்களுக்கும் நடுவே ஐந்தாறு மைல் இடைவெளி இருப்பது அதனால்தான். குதிரைக்குப் பொருந்திய தூரம் காருக்குப் பொருந்தவில்லை. நாற்பது மைலில் பெரிய கடை இருந்தால் ஆறு மைலில் இருக்கும் கடை எதற்கு?

சதுர மைலுக்கு நான்கு குடும்பம் இருந்த இடத்தில் ஒன்றுதான் மிஞ்சியது என்றால் அந்தக் கணக்கு முதலில் பள்ளிக்கூடத்தில் தெரியும். பிள்ளைகள் குறைந்ததும் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். பள்ளி போனால் இளம் குடும்பங்கள் அங்கே வீடு பார்ப்பதில்லை. 1980களில் இது வேகம் பிடித்தது. வட்டி ஏறியது, சோவியத்துக்குத் தானியம் விற்க 1980இல் தடை வந்தது, 1981க்கும் 1986க்கும் இடையில் அயோவா நில விலை அறுபது சதவீதத்துக்கு மேல் விழுந்தது. நிலத்தைக் காட்டிக் கடன் வாங்கியவர்கள் நிலத்தையே இழந்தார்கள். அந்தப் பத்து வருஷத்தில் மாநிலத்தின் மொத்த மக்கள்தொகையே ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் குறைந்தது.

போஸ்ட்வில்லுக்கு வருகிறேன். அயோவாவின் அந்த வடகிழக்கு மூலையைக் கடைசிப் பனியுகத்தில் பனிப்பாறைகள் தேய்த்துச் சமமாக்கவில்லை. அதனால்தான் மிசிசிப்பிக் கரையில் அத்தனை குன்றும் பள்ளத்தாக்கும் பார்த்திருப்பீர்கள். சாலையும் ரயிலும் பள்ளத்திலிருந்து ஏறி மேட்டைப் பிடித்துக்கொண்டு மேற்கே போகின்றன. அந்த மேட்டில், இரண்டு மாவட்டங்களின் எல்லைக்கோட்டின் மேலேயே இருக்கிறது ஊர். 1840இல் ஹோ-சங்க் பழங்குடி மக்களை ஓர் எல்லைக்குள் வைத்திருக்க அட்கின்சன் கோட்டையைக் கட்டினார்கள். ஆற்றிலிருந்து கோட்டைக்குப் போன ராணுவப் பாதையில் ஜோயல் போஸ்ட் என்பவர் நடத்திய சத்திரத்தைச் சுற்றித்தான் ஊர் வளர்ந்தது. 1848இல் ஹோ-சங்க் மக்களை மினசோட்டாவுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்த மண்ணில் ஆட்கள் காலியான கதையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பூட்டிய கடைகளைப் பற்றி வருத்தப்பட்டு எழுதுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு ஏற்புடையதல்ல.

1987இல் நியூயார்க்கின் புரூக்ளினைச் சேர்ந்த, ஹசிதியம் என்ற கட்டுப்பாடான யூதப் பிரிவுக் குடும்பம் ஒன்று, ஊரில் மூடிக் கிடந்த இறைச்சி ஆலையை வாங்கி கோஷர் இறைச்சி, அதாவது யூத மத விதிப்படியான இறைச்சி தயாரிக்கத் தொடங்கியது. அது நாட்டிலேயே பெரிய கோஷர் ஆலையாக வளர்ந்தது. அறுப்பதையும் மேற்பார்வையையும் யூதர்கள் செய்தார்கள். வெட்டி, எலும்பு பிரித்து, கழுவும் வேலைக்குக் குவாத்தமாலாவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். 1990இல் 1,472 பேர் இருந்த ஊர் 2000இல் 2,273 ஆனது. சுற்றுவட்டாரம் சுருங்கிய காலத்தில் இது வளர்ந்தது. சோளம் அறுக்க ஆள் வேண்டாம், கோழியை வெட்ட ஆள் வேண்டும். அவ்வளவுதான் காரணம்.

2008 மே 12 அன்று குடியேற்றத் துறை ஆலைக்குள் புகுந்து 389 பேரைப் பிடித்தது. ஏறத்தாழ ஊரில் ஆறில் ஒருவர். பதினெட்டு வயது நிரம்பாதவர்களும் அவர்களில் இருந்தார்கள். வாட்டர்லூவில் மாட்டுக் கண்காட்சி நடக்கும் திடலையே நீதிமன்றமாக்கி, பத்துப் பத்துப் பேராக, கையிலும் இடுப்பிலும் காலிலும் சங்கிலியோடு நிறுத்தினார்கள். மொழிபெயர்ப்பாளராகப் போன பேராசிரியர் எரிக் காமாய்ட்-ஃப்ரெய்ஷாஸ் தான் கண்டதைப் பொதுவில் எழுதியதால் இது வெளியே தெரிந்தது. பெரும்பாலோருக்கு ஐந்து மாதச் சிறை, பிறகு நாடு கடத்தல். ஆலையை நடத்தியவருக்கு வங்கி மோசடிக்காக 27 வருஷம் விதித்தார்கள், 2017இல் அதிபர் அதைக் குறைத்து விடுவித்தார். அவர்மேல் இருந்த குடியேற்ற வழக்குகளை முன்பே கைவிட்டிருந்தார்கள். இதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. கணவர் சிறையில், மனைவி காலில் கண்காணிப்புக் கருவியோடு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நின்றபோது சோறு போட்டது செயின்ட் பிரிஜெட் தேவாலயம்.

2010 கணக்கெடுப்பில் போஸ்ட்வில் மக்கள்தொகை 2,227. பத்து வருஷத்தில் நாற்பத்தாறு பேர்தான் குறைந்திருக்கிறார்கள் என்று படிக்கத் தோன்றும். ஆனால் அந்த இடைவெளியில் ஆலை திவாலாகி, கை மாறி, போனவர்கள் இடத்துக்குச் சோமாலியர்கள் வந்தார்கள். பசிபிக் கடலில் உள்ள பலாவு தீவிலிருந்துகூட ஆள் கூட்டி வந்தார்கள். ஊர் எல்லையில் மக்கள்தொகை எழுதிய பலகையில் எண் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது, அதற்குப் பின்னால் ஒரு ஊரே இடம் மாறிவிட்டது. 2020இல் 2,503.

நிலைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். வாக்கன், டெகோரா மாதிரி மாவட்டத் தலைநகர்களில் நீதிமன்றம், மருத்துவமனை, மேல்நிலைப் பள்ளி உண்டு. 1861இல் தொடங்கிய லூதர் கல்லூரியும் டெகோராவில் இருக்கிறது. அவை நிற்கும். லுவானா அளவு ஊர்களில் இருப்பவர்கள் பலர் வேறு ஊருக்குக் காரில் வேலைக்குப் போகிறவர்கள். பக்கத்தில் வேலை இருக்கும்வரை அங்கே வீடுகளும் இருக்கும். போஸ்ட்வில் ஒரே ஆலையை நம்பி இருக்கிறது. அந்த ஆலை, எந்த நேரமும் வெளியேற்றப்படலாம் என்று பயந்து வாழ்கிற ஆட்களை நம்பி இருந்தது. இன்று அங்கே பள்ளிக்கூடம் நடப்பது அவர்கள் பிள்ளைகளால்தான். அவர்களை நிம்மதியாகக் குடியிருக்க விட்டால் அந்த ஊருக்கு ஒன்றும் ஆகாது.

அன்புடன்