வேர் வளர்ந்து முடியாத பல் செத்துவிட்டால்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. ஒன்றரை வருடத்துக்கு முன் கீழே விழுந்து மேல் முன்பல்லில் அடிபட்டது. இப்போது பல் சாம்பல் நிறமாகிவிட்டது. ஈறில் சீழ்க் கொப்புளம் வந்து வந்து அமுங்குகிறது. ஒரே நாளில் ரூட் கேனால் செய்து கேப் போடலாம் என்கிறார் ஒருவர். பிடுங்கிவிட்டு இம்பிளாண்ட் வைக்கலாம் என்கிறார் இன்னொருவர். எது சரி?

பதில்: இரண்டும் வேண்டாம்.

முன்பல் முளைத்த பிறகும் வேர் நுனி மூடச் சுமார் 3 ஆண்டுகள் ஆகும். அதற்குள் பல்கூழ், அதாவது பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள மென்திசு, செத்தால் வேர் வளர்வது நின்றுவிடும். சுவர் மெல்லியது, நுனி அகலத் திறந்தே இருக்கும். அதில் வழக்கமான ரூட் கேனால் செய்வது அடியில்லாத குடத்தை நிரப்புகிற கதை.

முதலில் உள்ளே கழுவி, சில வாரம் மருந்து வைத்துக் கிருமியை ஒழிக்க வேண்டும். பிறகு எம்டிஏ போன்ற சிமெண்டால் நுனியில் 3 முதல் 5 மில்லிமீட்டருக்கு அடைப்பு. அல்லது நுனியைத் தாண்டி லேசாகக் குத்தி, ரத்தத்தை உள்ளே ஊறவிட்டு, உறைந்ததும் மேலே மூடும் முறை. இதில் வேர் தடிக்க வாய்ப்புண்டு, உறுதி கிடையாது. கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற மருந்தை வேருக்குள் வைத்து மாதாமாதம் வரச் சொன்னால் எத்தனை மாதம் என்று கேளுங்கள். வருடக்கணக்கில் அது உள்ளே கிடந்தால் மெல்லிய வேர் எளிதில் முறியும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். புதிதாக அடிபட்ட பல் குளிர்ச் சோதனையில் உணரவில்லை என்பதாலேயே அது செத்துவிட்டதாகாது. 3 மாதம் வரைகூட உணர்வு திரும்பாமல் இருக்கலாம். அடிபடாத இளம் பல்லே சில நேரம் பதில் சொல்வதில்லை. நிறம் மாறியது மட்டும் போதாது. எக்ஸ்ரேயில் பக்கத்துப் பல்லின் வேரோடு ஒப்பிட வேண்டும். இதைச் செய்யாமல் உயிருள்ள பல்லைக் குடைந்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எரிச்சல்தான் மிச்சம். உங்கள் மகனுக்கு இந்த விலக்கு பொருந்தாது: சீழே சாட்சி.

இம்பிளாண்டுக்கு இப்போதே முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தாடை வளரும், எலும்பில் பதித்த இம்பிளாண்ட் நகராது. சில வருடத்தில் அந்தப் பல் மட்டும் உள்ளடங்கித் தெரியும். கேப்பும் அப்படித்தான்: இருக்கும் மெல்லிய பல்லையும் அதற்காக ராவ வேண்டும். பல் நிற ரெசினால் அடைப்பது இப்போதைக்குப் போதும். ஆனால் 'பேக்கேஜ்' போட்டு விற்பவருக்கு ரெசினில் என்ன கிடைக்கும்?

வெறும் ஆன்டிபயாடிக் மாத்திரையோடு அனுப்புவதையும் ஏற்காதீர்கள். செத்த கூழுக்கு ரத்தம் போகாது, மருந்தும் போகாது. கொப்புளம் அமுங்கும், கிருமி அங்கேயே இருக்கும்.

எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கி, குழந்தைப் பல் மருத்துவரிடமோ வேர் சிகிச்சை நிபுணரிடமோ இந்த வாரமே காட்டுங்கள்.