அரசியல் எதிர்காலமே போய்விடும் என்று தெரிந்தும் மனசாட்சிப்படி முடிவெடுத்த அரசியல்வாதி யாராவது உண்டா?

உண்டு. ஜான் ஸ்லேட்டன். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1913 முதல் 1915 வரை ஆளுநர். அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். நம் முதலமைச்சரைப் போல மாநில அரசை நடத்துபவர்.

ஸ்லேட்டன் 1866இல் பிறந்தவர், வழக்கறிஞர். மாநில சட்டமன்றத்தில் சபாநாயகர், பிறகு மேலவைத் தலைவர் என்று படிப்படியாக மேலே வந்தவர். ஆளுநரானதும் அடுத்த கண் வாஷிங்டன் செனட் மீதுதான், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவை. அதற்கான செல்வாக்கும் இருந்தது.

1913 ஏப்ரல் 26 அன்று, சம்பள பாக்கி வாங்க அட்லாண்டாவில் ஒரு பென்சில் தொழிற்சாலைக்குப் போன மேரி ஃபேகன் என்ற 13 வயதுச் சிறுமி கொலையுண்டாள். அவளுக்குச் சம்பளம் கொடுத்த மேலாளர் லியோ ஃபிராங்க் கைதானார். அவர் அமெரிக்காவின் வடக்கே வளர்ந்த யூதர். அங்கே துப்புரவு வேலை பார்த்த ஜிம் கான்லியின் சாட்சியத்தை வைத்துத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். டாம் வாட்சன் என்ற அரசியல்வாதி தன் பத்திரிகையில் யூத வெறுப்பைக் கொட்டி ஊரையே கொதிக்க வைத்தார். மேல்முறையீடுகள் எல்லாம் தோற்றன. கடைசியாக 1915 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 7-2 என்று கைவிட்டது. ஜூன் 22 தூக்கு. ஸ்லேட்டனின் பதவிக்காலம் ஜூன் 26இல் முடிகிறது.

இந்தத் தேதிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். தூக்கை ஒரு வாரம் தள்ளி வைத்திருந்தால் போதும், முடிவு அடுத்த ஆளுநரின் தலையில் விழுந்திருக்கும். ஸ்லேட்டன் அதைச் செய்யவில்லை. பத்தாயிரம் பக்கத்துக்கு மேல் இருந்த ஆவணங்களைப் படித்தார். தொழிற்சாலைக்கே போய்ப் பார்த்தார். ஃபிராங்கும் தானும் சேர்ந்து உடலை லிஃப்டில் அடித்தளத்துக்கு இறக்கினோம் என்று கான்லி சொல்லியிருந்தான். கொலை நடந்த அன்று காலை லிஃப்ட் குழியில் மலம் கழித்ததாகவும் அவனே ஒப்புக்கொண்டிருந்தான். மறுநாள் போலீஸார் லிஃப்டை இறக்கியபோதுதான் அது நசுங்கியது. அப்படியென்றால் முந்தின நாள் லிஃப்ட் அடிவரை வரவே இல்லை, சாட்சியம் பொய். நீதிமன்றங்கள் கண்டுகொள்ளாத இந்தச் சின்ன விவரத்தில் ஒரு ஆளுநர் உட்கார்ந்து யோசித்தார் என்பதற்காகவே எனக்கு அவர்மேல் அவ்வளவு மரியாதை.

ஜூன் 21 அன்று தூக்கை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். ஆயிரக்கணக்கானோர் அவர் வீட்டை நோக்கித் திரண்டார்கள். மாநிலப் படை வந்துதான் காத்தது. பதவி முடிந்ததும் மனைவியோடு மாநிலத்தை விட்டே வெளியேற வேண்டியிருந்தது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ஃபிராங்கின் வழக்கறிஞர் லூதர் ராசர், ஸ்லேட்டனின் சட்ட நிறுவனத்தில் பங்காளியாகி இருந்தார். எதிரிகள் இதைப் பிடித்துக்கொண்டதில் தப்பில்லை, நியாயமான கேள்விதான். ஆனால் ஸ்லேட்டன் உத்தரவில் எழுதிய காரணங்கள் அந்த உறவை நம்பி நிற்கவில்லை. ஆதாரத்தின் மேல் நிற்கின்றன. 1982இல், அந்தத் தொழிற்சாலையில் சிறுவனாக வேலை பார்த்த அலான்சோ மான், கான்லி அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு நின்றதைத் தான் பார்த்ததாகச் சொன்னார்.

ஃபிராங்க் பிழைக்கவில்லை. 1915 ஆகஸ்டில் ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து அவரைக் கடத்திப் போய் மரியட்டா ஊருக்குப் பக்கத்தில் மரத்தில் தூக்கிலிட்டது. கும்பலில் ஊர்ப் பெரிய மனிதர்கள் இருந்தார்கள். ஒருவர்கூடத் தண்டனை பெறவில்லை. 1986இல் ஜார்ஜியா அவருக்கு மன்னிப்பு வழங்கியது, அதுவும் அவரைப் பாதுகாக்கத் தவறியதற்காக. நிரபராதி என்று சொல்லவில்லை.

தண்டனை வாங்கிக் கொடுத்த அரசு வழக்கறிஞர் ஹியூ டார்சி 1916 தேர்தலில் ஜெயித்து ஆளுநரானார். வாட்சன் 1920இல் செனட்டுக்குத் தேர்வானார். ஸ்லேட்டனோ திரும்பி வந்து வக்கீல் தொழிலைத் தொடர்ந்தார், 1928இல் மாநில வழக்கறிஞர் சங்கத்தின் தலைவரானார். 1930இல் செனட்டுக்கு அதே மக்களிடம் மறுபடி ஓட்டுக் கேட்டு நின்றார். தோற்றார். அந்த முடிவுக்குப் பிறகு 1955இல் இறக்கும்வரை எந்த அரசியல் தேர்தலிலும் அவர் ஜெயிக்கவில்லை.