அதிர்வுக் கருவிக் காட்சி வேண்டாம், கடிதம் போதும்

நண்பரே, 1883ஆம் ஆண்டு லண்டனில் நடக்கும் உங்கள் காதல் நகைச்சுவை நாடகத்தில், ஹிஸ்டீரியா என்று வரும் பெண்களுக்கு நாயகனான டாக்டர் மின் அதிர்வுக் கருவியால் சிகிச்சை தருவதை ‘உண்மைச் சம்பவம்’ என்று அறிவிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தக் கருவியை உருவாக்கிய மார்ட்டிமர் கிரான்வில், பெண்களுக்கு அதைப் பயன்படுத்துவதைத் தவிர்த்தே வந்ததாக அதே 1883இல் எழுதியிருக்கிறார். நீங்கள் கேள்விப்பட்ட கதை 1999க்குப் பிறகு பரவியது. 2018இல் ஆதாரங்களைச் சரிபார்த்த ஆய்வாளர்கள் அதற்கு அடிப்படை இல்லை என்றார்கள்.

அன்று உண்மையில் தரப்பட்டது ‘ஓய்வுச் சிகிச்சை’. வாரக்கணக்கில் படுக்கை, வேளாவேளைக்குப் பால், உடம்பு பிடித்துவிட ஒரு தாதி. உறவினர் வரக்கூடாது, படிப்பு, கடிதம் எல்லாம் தடை. எவ்வளவு கொடுமை! ஆனால் காதல் கதைக்கு இதைவிட நல்ல தடை ஏது? பால் தட்டின் அடியில் ஒரு கடிதம் வந்தால் போதும், காட்சி தானாக ஓடும்.

நாயகியைத் தாராளமாக மருத்துவ மாணவி ஆக்குங்கள். லண்டனில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1874இலேயே தொடங்கிவிட்டது. சிரிப்புக்கு, அவளுடைய ஆசிரியை எடின்பரோ கலவரத்தை நினைவுகூரட்டும்: 1870இல் மாணவிகள் தேர்வெழுதப் போனபோது ஆண் மாணவர்கள் சேற்றை வீசி, தேர்வறைக்குள் ஓர் ஆட்டையும் தள்ளிவிட்டார்கள். அது நிஜமாக நடந்தது.